தீராத் துயரும் மாறாப் பற்றும்
(பெருமாள் திருமொழியின் ஐந்தாம் திருமொழி குறித்த ஓர் ஆய்வு)

1. முன்னுரை

துன்பம் வந்துற்றபொழுது இறைவனை நினைத்தல் மக்கட்கு இயல்பு. நினைந்த பின்னரும் அத்துன்பம் நீங்காது மேன்மேலும் வளருமாயின், நினைந்த நெஞ்சம் எந்நிலை எய்தும்? அதனைத் தாங்கி நிற்கும் பற்றுக்கோடு யாது? சமய இலக்கியம் அனைத்தும் எதிர்கொண்டாக வேண்டிய வினா இது. தமிழ்ப் பக்திப் பாடல்களுள் இவ்வொரு வினாவையே பொருளாகக் கொண்டு எழுந்த பதிகம் ஒன்று உண்டு. குலசேகராழ்வார் அருளிய பெருமாள் திருமொழியின் ஐந்தாம் திருமொழியே அது. அதனை விற்றுவக்கோட்டுப் பதிகம் என ஈண்டு வழங்குவோம்.

பெருமாள் திருமொழி 10 திருமொழிகளும் 105 பாசுரங்களும் உடையது. முதல் மூன்று திருமொழிகள் திருவரங்கத்தையும், நான்காவது திருவேங்கடத்தையும் பாடுகின்றன. ஐந்தாவது விற்றுவக்கோட்டு அம்மானை விளித்து நிற்பது. இன்றைய கேரள மாநிலத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில், பட்டாம்பிக்கு அண்மையில், பாரதப்புழைக் கரையில் உள்ள திருமிற்றக்கோடே இத்திருப்பதி எனக் கொள்ளப்படுகின்றது.

இப்பதிகத்தைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரிதும் எடுத்துக்காட்டுவது நான்காம் பாசுரத்து மருத்துவன் உவமையே. மருத்துவன் அறுப்பதும் சுடுவதும் நோயாளன் நலம் பெறுதற்கே. அதுபோல இறைவன் தரும் துன்பமும் உயிர் உய்தற்கே என்பது அவர்தம் விளக்கம். இவ்விளக்கம் ஆறுதல் தருவது. அறிவுக்கும் எளிதில் பொருந்துவது. எனினும் பதிகம் முழுவதற்கும் இதுவே உயிர்நிலை எனக் கொள்ளுதல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. ஒன்பது பாசுரங்களில் ஒன்பது உவமைகள் வந்துள்ளன. அவற்றுள் துன்பத்திற்குக் காரணம் கூறுவது போலத் தோன்றுவது இஃது ஒன்றே. ஏனைய எட்டும் காரணம் கூறுவனவாக இல்லை. துயர் ஏன் வந்தது என்னும் வினாவிற்கு விடை பெறாமலே பற்று நிலைபெறும் ஆற்றினைக் காட்டுவதே இப்பதிகத்தின் பொருள் என்பது எம் கருத்து. அதனைப் பாசுரங்களின் சொல்லமைதி கொண்டே நிறுவ முயல்வோம்.

2. உவமைகளின் வரிசை

முதற்கண் ஒன்பது உவமைகளையும் முறையே நோக்குவோம். சினத்தால் தாய் தன்னை அகற்றிய பின்னும் அவளருளையே நினைந்து அழும் குழவி முதலாவது. கண்டோர் இகழத்தக்கன கணவன் செய்தபோதும் அவனையன்றி அறியாத குலமகள் இரண்டாவது. தம்மைக் காவாது எத்தகைய துயரத்தைச் செய்தாலும் வேந்தனது கோலையே நோக்கி வாழும் குடிகள் மூன்றாவது. அறுத்தாலும் சுட்டாலும் மருத்துவன்பால் அன்பு குறையாத நோயாளன் நான்காவது. கடலிடையே எங்கும் பறந்து கரை காணாது மீண்டு கப்பலின் கூம்பில் ஏறும் பறவை ஐந்தாவது. அருகில் வந்த தீயின் வெம்மைக்கு மலராது வானத்து ஞாயிற்றுக்கே மலரும் தாமரை ஆறாவது. வானம் எத்துணைக் காலம் மறந்திருப்பினும் முகிலையே பார்த்திருக்கும் பயிர் ஏழாவது. எங்குப் பரந்து ஓடினும் கடலிற் புக்கன்றி அமையாத ஆறுகள் எட்டாவது. தன்னை வேண்டாது இறைவனையே வேண்டுவான் ஒருவனைத் தான் வேண்டிச் செல்லும் செல்வம் ஒன்பதாவது. பத்தாம் பாசுரம் ஆசிரியர் பெயரும் நூற்பயனும் கூறி முடிவது.

இவ்வரிசையில் ஒரு பாகுபாடு தெளிவாகக் காணப்படுகின்றது. முதல் நான்கும் மக்கள் உறவு பற்றியன. தாய், கணவன், வேந்தன், மருத்துவன் என்னும் நால்வரும் நன்மை செய்தற்கு உரியர். தீங்கு செய்தற்கும் வலியர். ஆறு முதல் எட்டு வரை உள்ளவை இயற்கை பற்றியன. இடையே நிற்கும் பறவை இருசாரையும் இணைக்கும் பாலமாக அமைந்துள்ளது. ஒன்பதாவது இவ்விரண்டு வகையிலும் அடங்காது தனித்து நிற்கின்றது.

இப்பதிகம் அந்தாதித் தொடையால் ஆனதன்று. ஆகவே பாசுரங்களின் வைப்புமுறையை மட்டும் சான்றாகக் கொண்டு முடிவு கூறுதல் தகாது. வரிசை காட்டும் வளர்ச்சியைப் பாசுரத்துள் வரும் வினைச்சொற்களும் உறுதிப்படுத்துகின்றனவா எனக் காண்டல் வேண்டும்.

3. துயரின் ஏற்றம்

உவமைகளை ஒருபால் வைத்து, ஆழ்வார் இறைவனை நோக்கித் தம் நிலையை உரைக்கும் பகுதிகளை மட்டும் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகின்றது. முதற்பாசுரத்தில் இறைவன்மேல் ஏற்றப்படும் குறை, வரும் துயரைத் தடுக்கவில்லை என்பதே. துயரைத் தருபவன் இறைவனா, வினையா என்பதற்குச் சொல்லளவில் இருவகையாகவும் பொருள் கொள்ள இடம் உண்டு. இரண்டாம் பாசுரத்தில், தம்மை ஏற்று ஆட்கொள்ளாவிடினும் என்கிறார். மூன்றாவதில், தம்மை நோக்காவிடினும் என்கிறார். நான்காவதில், மீளுதல் இல்லாத துயரைத் தரினும் என்கிறார். அங்கே தருபவன் யார் என்னும் ஐயத்திற்கு இடமில்லை.

தடாமை, கொள்ளாமை, நோக்காமை, தருதல் என இந்நான்கும் ஏறிச் செல்லுமாறு காண்க. முதல் மூன்றும் இறைவன் செய்யாது விட்டவை. நான்காவது அவனே செய்வது. தடுக்காதவனை நம்புதல் ஒருவாறு எளிது. அவன் இன்னும் அறிந்திலன் போலும் என்றேனும் நெஞ்சைத் தேற்றிக்கொள்ளலாம். கண்டும் காணாதவனை நம்புதல் அரிது. துயரைத் தருபவனையே துயருக்குப் புகலாகக் கொள்ளுதல் யாவற்றினும் அரிது. வாழ்வில் இடர் ஒன்றன்பின் ஒன்றாக மிகும்பொழுது மனம் இறைவனைப் பற்றி எவ்வாறு எண்ணிச் செல்லுமோ, அவ்வழியே இந்நான்கு பாசுரங்களும் செல்கின்றன.

இரண்டாம் பாசுரத்து உவமையைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். அக்காலச் சமூகம் பெண்ணுக்கு வகுத்த ஒழுக்கம் அதன்கண் அடங்கியுள்ளது. உவமையை அறநூல் விதியாகக் கொண்டு இக்காலத்து இல்லறத்திற்கு நெறி கூறப் புகுதல் பொருந்தாது. நாம் கருதவேண்டுவது உவமையின் துணிவினையே. கணவன் செய்வன நல்லன என்று ஆழ்வார் கூறவில்லை. கண்டோர் இகழ்வன என்றே கூறுகிறார். அவ்வாறாயின் இறைவன் தமக்குச் செய்வதும் பிறர் கண்டால் இகழத்தக்கதே என்பது பெறப்படுகின்றது. இறைவன் செயலுக்கு நியாயம் கற்பிக்கும் முயற்சி இங்கு இல்லை.

4. மருத்துவன் உவமையின் எல்லை

இனி, பலராலும் போற்றப்படும் மருத்துவன் உவமைக்கு வருவோம். நோயாளன் மருத்துவன்பால் கொண்ட அன்பு அறுவையாலும் சூட்டாலும் குறைவதில்லை. காரணம் வெளிப்படை: நோய் தீரும் என்னும் எதிர்பார்ப்பு அவனுக்கு உண்டு. துன்பம் சிறிதுபோழ்தினது, அதன் முடிவு நலம். இதுவே உவமையின் இயல்பான பொருளாயின், பொருட்பகுதியிலும் தீரும் துன்பமே கூறப்பட்டிருத்தல் வேண்டும். ஆழ்வாரோ மீளாத துயர் என்று அடைகொடுத்து உரைக்கின்றார். உவமைக்கண் உள்ள துன்பம் தீர்வது. பொருட்கண் உள்ள துன்பம் தீராதது. இம்மாறுபாடு எதுகை நோக்கி அமைந்தது எனக் கூறித் தள்ளிவிடலாகாது. மருத்துவம் முடிந்தும் நலம் வாராத நோயாளனை எண்ணிப் பார்க்குமாறு அச்சொல் நம்மைத் தூண்டுகின்றது.

எனவே, இவ்வுவமையின் ஒப்புமை நலம் பெறுதலில் இல்லை. அன்பு மாளாமையில் உள்ளது எனக் கொள்ளுதல் வேண்டும். துன்பம் மருந்து என்னும் கொள்கையை ஆழ்வார் மறுத்தார் என்று நாம் கூறவில்லை. அக்கொள்கை மெய்யாகாத இடத்தும் பற்று மாறாது என்று கூறுகின்றார் என்பதே நாம் வற்புறுத்துவது.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. துன்பம் எல்லாம் மருந்தே எனக் கொள்வோர், துன்பம் நீளுமிடத்து நோயாளனிடமே குறை காணத் தலைப்படுவர். நின் நோய் பெரிது. அதனால் மருந்தும் பெரிது என்பர். துயருற்றவன்மேல் பழியும் ஏறும். விற்றுவக்கோட்டுப் பதிகத்தில் அப்பழி இல்லை. தம் வினை இன்னது, தம் பிழை இன்னது என்று ஒரு பாசுரத்தும் ஆழ்வார் கணக்கிட்டுக் காட்டவில்லை என்பது கருதத்தக்கது.

5. கோலும் வானும்

மூன்றாம் பாசுரத்துக் குடிகள் உவமையும் ஏழாம் பாசுரத்துப் பயிர் உவமையும் திருக்குறளை நினைவூட்டுவன. செங்கோன்மை அதிகாரத்து 542-ஆம் குறள், உலகம் மழையை நோக்கி வாழ்வதையும் குடிகள் மன்னனின் கோலை நோக்கி வாழ்வதையும் ஒருங்கு வைத்து உரைக்கின்றது. அக்குறளின் ஒரு பாதி மூன்றாம் பாசுரத்திலும், மற்றொரு பாதி ஏழாம் பாசுரத்திலும் ஒளிர்கின்றன. மூன்றாம் பாசுரத்தில் குறளின் சொல்லும் உடன் வந்துள்ளது. ஆழ்வார் குறளை உளங்கொண்டே பாடினார் எனத் துணியலாம்.

ஒற்றுமையினும் வேற்றுமையே ஈண்டுச் சிறப்புடையது. வள்ளுவர் கூறுவது செங்கோலை. அங்கே மழை பெய்யும்; கோல் காக்கும். நோக்கி வாழ்வோர் நோக்கிய பயனைப் பெறுவர். ஆழ்வார் அதே தொடரை எடுத்துக்கொண்டு, காவாது துயர் செய்யும் வேந்தனிடத்து அதனைப் பொருத்துகின்றார்; பெய்ய மறந்த வானத்திடத்தும் பொருத்துகின்றார். கொடுங்கோன்மை அதிகாரத்து 557-ஆம் குறள், வேந்தன் அளியின்மையை மழையின்மையோடு ஒப்பிட்டு இரண்டும் உயிர்க்குக் கேடு என உரைப்பது. அங்ஙனம் கேடு சூழ்ந்த நிலையிலும் குடிகளின் கண் கோலைவிட்டு அகலவில்லை என்பது ஆழ்வார் கூற்று. செங்கோன்மைக்கு உரிய நம்பிக்கையைக் கொடுங்கோன்மைக்குரிய சூழலில் வைத்துச் சோதித்தவாறு இது.

பாடியவர் அரசர் என்பதையும் மறத்தலாகாது. இறுதிப் பாசுரத்தில் தம்மை வேற்படை உடைய வேந்தராகவே அவர் குறிக்கின்றார். கோல் ஏந்தியவர் கோலை நோக்கும் குடியின் நிலையில் தம்மை வைத்துப் பேசுகின்றார். கோலுடையான் நோக்காது போதல் குடிக்கு எத்துணைக் கொடிது என்பதை அவர் நன்கு அறிவர். ஆகவே அவ்வுவமையில் இறைவனுக்கு ஒரு குறிப்பான முறையீடும் அடங்கியுள்ளது.

6. கூம்பேறும் பறவை

பதிகத்தின் நடுவில் நிற்பது பறவை உவமை. முந்திய நான்கிலும் தீங்கு செய்வான் ஒருவன் உளன். இங்கே அத்தகையான் எவனும் இல்லை. கடலும் கப்பலும் பறவையுமே உள. முந்திய நான்கிலும் பற்றுடையார் வேறிடம் நாடியதாகச் செய்தி இல்லை. பறவையோ நாடியது. நான்கு திசையும் பறந்து கரை தேடியது. காணாமையால் மீண்டது. விட்டுப் போன பின் மீண்டு வந்து பற்றும் பற்று இது. வேறு புகல் உண்டோ எனத் தேடிப் பார்த்தலை ஆழ்வார் குற்றமாகக் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

வைணவ உரைமரபு இப்பதிகத்தை அநந்யகதித்துவம், அஃதாவது வேறு புகல் இன்மை, என்னும் கருத்தோடு சார்த்திக் காணும். பறவை உவமை அதற்குச் சிறந்த இலக்கியம் என்பதில் ஐயமில்லை. அதனோடு இன்னொன்றும் நோக்கத்தக்கது. பறவை தேடியது கரை. மீண்டு அடைந்தது கூம்பு. கூம்பு கரையாகாது. அது நிற்பதும் அதே கடலில். அலைப்பதும் அதே அலை. கூம்பினை அடைந்ததனால் பறவை கடலைக் கடந்துவிடவில்லை. கடலின் நடுவே கால் ஊன்ற ஓர் இடம் பெற்றது, அவ்வளவே. இறைவன் திருவடியை அடைதலும் அத்தகையதே எனின், துயரக் கடல் வற்றிவிடும் என்னும் உறுதிமொழி இவ்வுவமையில் இல்லை என்பது தெளிவு.

7. இயற்கையாய் அமைந்த பற்று

பறவைக்குப் பின் உவமைகளின் இயல்பு மாறுகின்றது. தாமரை மலர்வதும், பயிர் முகிலை நோக்குவதும், ஆறு கடலிற் சேர்வதும் ஆராய்ந்து மேற்கொண்ட செயல்கள் அல்ல. அவற்றின் தன்மையே அது. குழவியும் நோயாளனும் அன்பினால் பற்றினர். பறவை வேறு வழியின்மை கண்டு பற்றியது. தாமரையும் பயிரும் ஆறும் பற்றுதலே தம் இயல்பாக உடையன. பற்று, உறவில் தொடங்கித் தெளிவில் உறுதி பெற்று இயல்பாய் முடிகின்றது.

துயர் பற்றிய வினைச்சொற்களும் உடன் மாறுகின்றன. ஆறாம், ஏழாம் பாசுரங்களில் துயரைத் தருதல் பேசப்படவில்லை. துயரை நீக்காவிடினும் என்பதே பேச்சு. எட்டாம், ஒன்பதாம் பாசுரங்களில் துயர் என்னும் சொல்லே இல்லை. துயர் நீங்கிற்று என்று ஆழ்வார் எங்கும் கூறவில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. நீங்கியதற்கு நன்றி கூறும் பாசுரமும் இல்லை. துயரின் கணக்கு முடியவில்லை. அக்கணக்கைப் பார்த்தல் நின்றுவிட்டது.

தாமரை உவமையில் ஒரு நுட்பம் உண்டு. தீயும் வெம்மையுடையது, ஞாயிறும் வெம்மையுடையது. ஞாயிற்றை வெங்கதிர் உடையவனாகவே ஆழ்வார் குறிக்கின்றார். அருகில் இருப்பது தீ. எட்டாத வானில் இருப்பது ஞாயிறு. எளிதில் வந்து உதவும் அண்மைப் பொருளுக்கு மலராத மலர், தொலைவிலிருந்து சுடும் கதிருக்கு மலர்கின்றது. சுடுவதும் மலர்விப்பதும் ஒன்றேயாதலை இதனினும் சுருங்கக் கூறல் அரிது.

ஒன்பதாம் பாசுரம் யாவரும் எதிர்பாராத ஒரு திருப்பம் உடையது. இறைவனையே வேண்டிச் செல்வத்தை வேண்டாதான் ஒருவனைச் செல்வம் தானே வேண்டிச் செல்லும் என்பது உவமை. நாம் எதிர்பார்ப்பது, அச்செல்வத்தை வேண்டாதான் நிலையில் ஆழ்வார் தம்மை வைப்பார் என்பதே. அவரோ தம்மைச் செல்வத்தின் நிலையில் வைக்கின்றார். தன்னை விரும்பாதான் ஒருவனைத் தொடர்ந்து செல்லும் செல்வம் போலத் தாம் இறைவனைத் தொடர்வதாகக் கூறுகின்றார். அடுத்த பாசுரத்தில், இறைவன் தம்மை வேண்டாவிடினும் என்றே வெளிப்பட உரைத்துவிடுகின்றார். தடாமையில் தொடங்கிய குறை வேண்டாமையில் வந்து முடிகின்றது. வேண்டாமையே குறைகள் யாவற்றினும் பெரிது. அவ்விடத்தும் பற்று நிற்கின்றது.

8. ஒப்புநோக்கு

நாயன்மார் இருவரொடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். திருநாவுக்கரசர் சூலைநோயால் வருந்தித் திருவதிகையில் பாடிய பதிகம், கொடுமைகள் செய்ததைத் தாம் அறியாமையைக் கூறி நோயை விலக்குமாறு வேண்டுவது. சேக்கிழார் பெரியபுராணத்தில் அந்நோய் பாட்டின் நிறைவில் நீங்கியதை உரைக்கின்றார். பின்னர் நீற்றறை, நஞ்சு, யானை, கல்லொடு பிணித்துக் கடலில் இடுதல் என இடர்கள் வளர்கின்றன, ஒவ்வொன்றும் நீங்குகின்றது. அங்கே நம்பிக்கைக்கு விளைவு சான்றாகின்றது. விற்றுவக்கோட்டுப் பதிகத்தில் அத்தகைய சான்று எதுவும் இல்லை.

சுந்தரரோ சங்கிலியார்க்கு உரைத்த சூளைப் பிழைத்துக் கண் இழந்தவர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும் பெற்றுத் திருவாரூர் அடைந்து, அடியார் துன்புற நீர் நலமாக வாழ்ந்து போவீராக என்னும் பொருள்பட இறைவனையே இடித்துரைத்துப் பாடினார். அது தோழமையின் உரிமை. ஆழ்வாரிடம் அத்தகைய இடித்துரை இல்லை. ஆயினும் குறை கூறல் உண்டு. நோக்காவிடினும், ஆளாவிடினும் என்னும் எச்சங்கள் யாவும் பணிவின் வடிவில் நிற்கும் முறையீடுகளே. முதல் உவமையிலேயே குழவி அழுகின்றது. அழுகையைப் பற்றின்மைக்கு அடையாளமாக ஆழ்வார் கொள்ளவில்லை.

வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்னும் 63-ஆம் அதிகாரத்தில் துன்பத்தை எள்ளி வெல்லும் உள்ளத்திண்மையை அறிவுறுத்துகின்றார். அது தன் வலியில் நிற்பார்க்கு உரிய நெறி. தன் வலி முற்றும் அற்றார்க்கு உரியது ஆழ்வார் காட்டுவது.

9. ஒரு தடையும் விடையும்

இத்தகைய பற்று அடிமை மனத்தின் விளைவன்றோ, வலியான் செய்யும் எத்தீங்கினையும் பொறுத்துக்கொள்ளுமாறு பழக்குவதன்றோ எனத் தடை எழுப்புவார் உளர். தடை வன்மையுடையதே. மூன்றாம் பாசுரத்தை மட்டும் பிரித்தெடுத்து அரசியல் நெறியாகக் கொண்டால் அத்தீங்கு நேரவே செய்யும். ஆயின் மக்கள் உறவு பற்றிய உவமைகளில் பதிகம் நின்றுவிடவில்லை. தாய், கணவன், வேந்தன், மருத்துவன் என்னும் நால்வரையும் கடந்து அது இயற்கைக்குச் செல்கின்றது. எந்த மானிட அதிகாரமும் இறைவன் நிலையில் நிற்றற்கு உரியதன்று என்பதை அச்செலவே உணர்த்தும்.

இதே நூலின் பிற்பகுதியும் இங்குத் துணை செய்யும். ஏழாம் திருமொழி, கண்ணனின் குழவிப் பருவத்தைக் காணப்பெறாத தேவகியின் புலம்பல். ஒன்பதாம் திருமொழி, இராமனைக் காட்டிற்குப் பிரிந்த தசரதன் புலம்பல். இருவர் இழப்பையும் எந்த விளக்கத்தாலும் ஆழ்வார் தணிக்கவில்லை. மாறாப் பற்றினைப் பாடிய புலவரே ஆறாத் துயரையும் பாடியுள்ளார். ஒன்றனைக் கொண்டு மற்றொன்றை அவர் மறைக்கவில்லை.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: விற்றுவக்கோட்டுப் பதிகத்தில் இறைவன்மேல் ஏற்றப்படும் குறை தடாமையில் தொடங்கி வேண்டாமை வரை வளர்கின்றது. அதனோடு ஒப்பப் பற்றும் உறவு, தெளிவு, இயல்பு என வளர்கின்றது. துயர் மருந்தாகும் என்னும் கருத்து நான்காம் பாசுரத்தில் தோன்றினும், மீளாமை என்னும் அடையால் அங்கேயே எல்லை கட்டப்படுகின்றது. வள்ளுவர் கோலுக்கும் மழைக்கும் கூறியதை ஆழ்வார் கோல் பிழைத்த இடத்தும் மழை பொய்த்த இடத்தும் வைத்துப் பாடியது அவர்தம் தனிச்சிறப்பு.

இப்பதிகத்தை இனிப் பயில்வோர் மருத்துவனோடு நின்றுவிடாது, கூம்பேறும் பறவையையும் முகில் பார்க்கும் பயிரையும் உடன் வைத்துப் பயிலுதல் வேண்டும். நலம் பெற்றோர்க்கு மருத்துவன் உவமை போதும். இன்னும் நலம் பெறாதார்க்கு ஆழ்வார் வைத்துச் சென்றவை ஏனைய எட்டும் ஆகும்.